பெண்கள் பக்கத்துப் படங்கள்

இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தபோது ஷமீமாவின் போன் அடித்தது. நிலோபர் என்ற பெயரைப் பார்த்ததும் ஆல்பம் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தாள். கல்யாணம் முடிந்து ஒரு மாதமாகப் போகிறது. இன்றைக்கு என்ன சாக்குச் சொல்வது என்று யோசித்துக்கொண்டேதான் எடுத்தாள்.

நிலோபர் ஆல்பத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் யாரோ இருப்பது போல அடங்கிய குரலில் பேசினாள்.

"ஷமீமாக்கா, மருதாணி அன்னைக்கு நீங்க எடுத்த படமெல்லாம் எங்க மாமியார் வீட்டு குரூப்ல வந்துருக்கு."

ஷமீமா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்தப் படம்மா? மண்டபத்துல எடுத்ததா?"

"இல்லக்கா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க வீட்டுக்குள்ள எடுத்தது. அம்புட்டும் இருக்கு. ரஹ்மத் அக்கா படமும் இருக்கு." குரல் இன்னும் இறங்கியது. "தலையில துணியில்லாம."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போன் அணைந்தது.

இந்தக் குடும்பத்தை இன்றைக்குத்தான் சந்திக்கிறீர்கள் என்றால், உங்களுக்காகக் கொஞ்சம்.

ராஜபாளையத்தில் தென்காசி சாலையில் நூர் ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் ஹபீப் ரகுமானும் அவர் மனைவி ஷமீமாவும். கல்யாணமென்றால் ஆண்கள் பக்கம் ஹபீபின் கேமரா, பெண்கள் பக்கம் ஷமீமாவின் கேமரா. செட்டியார்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் முஸ்லிம் வீடுகளில் பெண்கள் அறைக்குள் கேமராவோடு போகிறவள் அவள் ஒருத்திதான். காரணம் அவள் கொடுக்கும் வாக்கு. நான் எடுக்கிற படத்தை நான் மட்டும்தான் பார்ப்பேன், எந்த ஆண் கண்ணிலும் படாது என்பாள். அதைச் சொன்ன பிறகுதான் பெண்கள் முக்காட்டைத் தளர்த்துவார்கள், சிரிப்பார்கள், கை தட்டிப் பாடுவார்கள். கட்டிய புருஷனுக்குக்கூட அந்தப் படங்களை அவள் காட்டியதில்லை. பொறுக்குவது, திருத்துவது, பக்கம் அமைப்பது எல்லாம் அவளே.

அதனால்தான் தாமதம். ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்கின்றன. ஒருத்தியின் கண்ணும் கையும் எத்தனைக்குத் தாங்கும்? ஆல்பம் வராத கோபத்தில் இரண்டு வீட்டார் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் மகள் சனா ஒரு வழி சொன்னாள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள் அவள். ஸ்டுடியோவின் படங்கள் ஏற்கெனவே கிளவுடில்தான் இருந்தன. அதோடு ஓர் ஏஐ ஏஜென்ட்டை இணைத்துவிட்டால் கண் மூடிய படங்களைத் தள்ளிவிடும், ஒரே மாதிரிப் படங்களில் நல்லதைப் பொறுக்கும், முகம் முகமாகப் பிரித்து வைக்கும், கேட்டால் ஆளுக்கு ஒரு லிங்க்கும் போட்டுக் கொடுக்கும். ஹபீபுக்கு ஒரே சந்தோஷம். ஷமீமா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத வேலை, பார்த்துச் செய்யுங்கள் என்று எழுந்து போனாள். சென்ற வாரம் அவளை அந்த இடத்தில்தான் விட்டிருந்தோம்.

இட்லி அடுப்பை அணைத்துவிட்டு ஷமீமா மாடிக்குப் போனாள். சனா அப்போதுதான் லேப்டாப்பைத் திறந்திருந்தாள். ஷமீமா நிலோபர் சொன்னதை அப்படியே சொன்னாள். சனா முதலில் படங்கள் வெளியே போன லிங்க்கைத் தேடி எடுத்து ரத்து செய்தாள். இனி யார் தொட்டாலும் திறக்காது என்றாள். பிறகுதான் என்ன நடந்தது என்று பார்க்க ஆரம்பித்தாள்.

பார்ப்பதற்கு அதிக நேரமாகவில்லை. ஏஜென்ட் தான் செய்த ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் ஹபீப் தளவாய்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நின்றிருந்தார். நிலோபரின் மாப்பிள்ளைக்கு அண்ணன் ஷாநவாஸ், படம் எப்போது வரும் என்று போன் செய்திருக்கிறார். ஹபீப் உடனே தன் போனை எடுத்து ஏஜென்ட்டிடம், நிலோபர் கல்யாணப் படங்களுக்கு ஒரு லிங்க் போடு என்று சொல்லியிருக்கிறார். அது திருப்பிக் கேட்டிருக்கிறது: இதற்குள் இரண்டு ஃபோல்டர்கள் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்தா என்று. மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் அதைச் சரியாகப் படிக்கவில்லை. ஆமா என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு வந்த லிங்க்கை அப்படியே ஷாநவாஸுக்கு அனுப்பிவிட்டார்.

மகள் கூப்பிட்ட குரல் கேட்டு மேலே வந்த ஹபீப் இதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கத்து ஃபோல்டரை என்னாலேயே திறக்க முடியாதே, அது எப்படி என் மூலமாக வெளியே போனது என்று கேட்டார்.

சனாவுக்கு அந்தக் கேள்விதான் குத்தியது. அவர் போனில் அந்த ஃபோல்டர் திறக்காது. ஆனால் அவர் யாரிடம் வேலை சொன்னாரோ அதற்குத் திறக்கும். இணைக்கும்போது கிளவுட் அவளிடம் தெளிவாகக் கேட்டது. குறிப்பிட்ட ஃபோல்டர் மட்டும் போதுமா, எல்லாமுமா? பார்க்க மட்டுமா, மாற்றவும் பகிரவும் சேர்த்தா? ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தனித்தனியாக அனுமதி கொடுத்துக்கொண்டிருக்கச் சோம்பல்பட்டு, ஸ்டுடியோவின் முதன்மைக் கணக்கிலிருந்தே எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சம்மதம் கொடுத்தவள் அவள்தான். அம்மா இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த சுவரில் அவள் ஒரு கதவை வைத்துவிட்டாள். அப்பா அதைத் தள்ளித் திறந்தார்.

"அது மேல தப்பில்லம்மா. அது கேட்டுத்தான் செஞ்சிருக்கு. நாந்தான் தேவைக்கு மேல குடுத்துட்டேன்" என்றாள் சனா.

ஷமீமா யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

ஹபீப் சட்டையை மாட்டிக்கொண்டு ஷாநவாஸின் டைல்ஸ் கடைக்குக் கிளம்பினார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, குரூப்பிலிருந்து அழிக்கச் சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னார். ஷமீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மகளைப் பார்த்தாள்.

"லேப்டாப்ப எடுத்துக்கோ. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் போறோம்."

போனில் சொன்னால் போதாதா என்று சனா கேட்டாள். ஷமீமா அதற்குள் படி இறங்கிவிட்டாள்.

பஸ்ஸில் பின்பக்கம் இடம் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே மேற்கில் மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. ஷமீமா அந்த மருதாணி இரவை நினைத்துக்கொண்டிருந்தாள்.

ரஹ்மத் நிலோபரின் அக்கா. மம்சாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். போன வருஷம் அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்து மதுரையில் வைத்தியம் பார்த்தார்கள். குணமாகிவிட்டது. முடி மட்டும் இன்னும் சரியாக வளரவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு இதைச் சொல்லவில்லை. தங்கையின் சம்பந்தம் கெட்டுப்போகுமோ என்று பயம். மருதாணி அன்றைக்கு அறைக்குள் சொந்தப் பெண்கள் மட்டும்தான் இருந்தார்கள். புழுக்கம் தாங்காமல் ரஹ்மத் தலைத்துணியை அவிழ்த்துப் போட்டாள். ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவளே எழுந்து தங்கையைச் சுற்றி வந்து ஆடினாள். ஷமீமா கேமராவைத் தூக்குவதற்கு முன் அவள் முகத்தைப் பார்த்தாள். எடுங்கக்கா என்று கண்ணாலேயே சொன்னாள் ரஹ்மத்.

பஸ் கொஞ்ச தூரம் போனதும் சனா மெல்ல ஆரம்பித்தாள். லிங்க் தவறிப் போனதை மட்டும் சொல்வோம் என்றாள். ஏஜென்ட் எல்லாப் படங்களையும் பார்த்து முகம் பிரித்ததைச் சொல்ல வேண்டாம். அது ஆணுமில்லை பெண்ணுமில்லை, ஒரு மெஷின். சொன்னால் அவர்களுக்குப் புரியாது, இன்னும் பயந்துதான் போவார்கள். அது யாருக்கும் தெரியவும் போவதில்லை.

மம்சாபுரம் விலக்கில் பஸ் நின்றபோது ஷமீமா மகள் பக்கம் திரும்பினாள்.

"நான் மட்டுந்தான் பாப்பேன்னு சொல்லிட்டுத்தான் அந்த ரூமுக்குள்ள போனேன். மெஷினும் பாக்கும்னு அன்னைக்குச் சொல்லிருந்தா ரஹ்மத் துணிய எடுத்துருப்பாளா, மாட்டாளா? எனக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா?"

சனா தெரியாது என்று தலையாட்டினாள்.

"அப்ப அத அவட்டதான கேக்கணும்."

நிலோபரின் அம்மா சம்சாத் பேகம் கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்தது. ஆல்பம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். வீட்டில் ஆண்கள் இல்லை, கடைக்குப் போயிருந்தார்கள். டீ போடச் சமையலறைக்குத் திரும்பியவரை ஷமீமா நிறுத்தினாள். உட்காரக்கூட இல்லாமல் நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். யார் லிங்க் அனுப்பியது, யாருக்கு, எந்தெந்தப் படங்கள், காலையில் நிலோபர் போன் செய்தது, எதையும் மறைக்கவில்லை.

சம்சாத் பேகம் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எம் மூத்தவளுக்கு என்னன்னு வெளியாள்ல உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். எங்க ஜமாத்துக்குக்கூட தெரியாது. எம்புட்டு நம்பி உங்கள அந்த ரூமுக்குள்ள விட்டோம்."

ஷமீமா தலை குனிந்தாள்.

கோபம் அதன் பிறகுதான் வந்தது. அதையும் அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. என் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு உங்களைத்தான் சொல்லி வைத்திருந்தேன், இனிமேல் எந்த வாயால் சொல்வேன் என்றார். இந்த ஊரில் ஒரு பெண்ணும் இனி உங்கள் கேமரா முன்னால் முக்காட்டில் கை வைக்க மாட்டாள் என்றார். சின்னவளை அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வேன் என்று கேட்டார். அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை என்பதால் ஷமீமா கேட்டுக்கொண்டு நின்றாள்.

உள்ளே இருந்து ரஹ்மத் வந்தாள். வீட்டில் இருந்தாலும் தலையை இறுக்கிச் சுற்றியிருந்தாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் கேட்டுச்சு என்றாள்.

"இன்னொன்னும் இருக்கு ரஹ்மத்" என்றாள் ஷமீமா. சனா அம்மாவின் கையைத் தொட்டாள். ஷமீமா அதைப் பொருட்படுத்தவில்லை. உன் படங்களை என்னைத் தவிர இன்னொன்றும் பார்த்தது, ஷாநவாஸுக்குப் போவதற்கு முன்னாலேயே பார்த்தது, நாங்களே பார்க்க வைத்தோம் என்று சொல்லிவிட்டு மகளிடம் விட்டாள்.

சனா திக்கித் திக்கி விளக்கினாள். படங்கள் இருக்கும் இடம் ஒன்று, அதைப் பார்க்க அனுமதி வாங்கிய ஏஜென்ட் இன்னொன்று, அது என்னவெல்லாம் செய்யும், எதற்காக வைத்தோம் என்று. சம்சாத் பேகத்துக்குப் பாதி புரியவில்லை. மெஷின் பார்த்தால் என்ன, மனுஷன் பார்த்ததற்கு வழி சொல்லுங்கள் என்றார்.

ரஹ்மத்துக்குப் புரிந்தது. அவள் கேட்டது ஒரே கேள்வி.

"என்னையப் பாத்து அது என்ன நெனச்சுது?"

நினைப்பதெல்லாம் இல்லை என்றாள் சனா. முகங்களைப் பிரித்துப் பேர் தெரியாததால் நம்பர் போட்டு வைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். காட்டு என்றாள் ரஹ்மத். சனா லேப்டாப்பைத் திறந்து அவள் மடியில் வைத்தாள்.

திரையில் ஒரு கட்டத்துக்குள் ரஹ்மத்தின் படங்கள் வரிசையாக இருந்தன. பச்சைப் புடவையில், முக்காட்டோடு, தங்கைக்கு மருதாணி வைக்கும்போது, தட்டு ஏந்திக்கொண்டு. ரஹ்மத் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். துணியில்லாத படம் அதில் இல்லை. சனா தேடிப் பார்த்தாள். அவை வேறொரு கட்டத்தில், வேறொரு நம்பரில் இருந்தன. ஏஜென்ட் அவளை இரண்டு பெண்களாகப் பிரித்து வைத்திருந்தது.

சனா அவசரமாக மூடப் போனாள். ரஹ்மத் அவள் கையை விலக்கினாள்.

"அதுக்கும் என்னைய அடையாளம் தெரியல பாரு." கொஞ்சம் சிரித்த மாதிரிதான் இருந்தது. "எனக்கே ரொம்ப நாளா தெரியலயே, அதச் சொல்லி என்ன செய்ய."

சம்சாத் பேகம் மகளின் தோளில் கை வைத்தார்.

ரஹ்மத் ஒரு படத்தில் வந்து நின்றாள். அதில் அவள் ஆடிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் தலைக்கு மேலே. மெல்லிய முடிக்குக் கீழே தலையின் வடிவம் முழுக்கத் தெரிந்தது. பின்னால் நிலோபர் மருதாணிக் கைகளை விரித்து வைத்துக்கொண்டு அக்காவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை ரஹ்மத் இதுவரை பார்த்ததில்லை. வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா எடுத்துருக்கீங்கக்கா" என்றாள் ஷமீமாவிடம். "அதுக்காக நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுறாதீங்க. மெஷின் பாத்தது எனக்குப் பெருசில்ல. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல பாருங்க, அதான் பெருசு. இத எனக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க. பொறவு எல்லா எடத்துலயும் அழிச்சிருங்க. போய் அழிக்கிறோம்னு சொல்லாதீங்க. இங்கனயே, என் கண்ணு முன்னாடி."

சனா அங்கேயே உட்கார்ந்து செய்தாள். ஏஜென்ட்டின் இணைப்பை முதலில் துண்டித்தாள். அது பிரித்து வைத்திருந்த முகக் கட்டங்களைத் தனியாக அழித்தாள். ரஹ்மத் காட்டிய படத்தை மட்டும் ஷமீமாவின் பையில் இருந்த மெமரி கார்டில் இறக்கிவிட்டு, கிளவுடில் இருந்த ரஹ்மத்தின் படங்களை எல்லாம் அழித்தாள். அழித்தவை போய்ச் சேரும் குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். ஒவ்வொன்றையும் செய்யும்போது இது என்ன என்று ரஹ்மத் கேட்டாள், சனா சொன்னாள்.

இப்போது எங்கேயும் இல்லையா என்று சம்சாத் பேகம் கேட்டார்.

சனா அம்மாவைப் பார்த்தாள். பிறகு உண்மையைச் சொன்னாள். எங்களிடம் பிரிண்டுக்காக இந்தக் கார்டில் இருப்பது ஒன்றுதான். லிங்க் திறந்து கிடந்த நேரத்தில் யார் யார் இறக்கி வைத்துக்கொண்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

அந்த நேரத்தில்தான் ஹபீபின் போன் வந்தது. ஷமீமா தள்ளி நின்று கேட்டாள். ஷாநவாஸ் நல்ல மாதிரி நடந்துகொண்டாராம். தப்பென்று தெரிந்ததும் குரூப்பில் அழித்துவிட்டாராம், மற்றவர்களையும் கூப்பிட்டு அழிக்கச் சொல்கிறாராம். ஆனால் அவருடைய அம்மா மைமூன் பீவி காலையிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். பார்த்ததிலிருந்து யாரோடும் பேசவில்லை. நிலோபரைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பிவிட்டார்.

அதைக் கேட்டதும் சம்சாத் பேகம் எழுந்துவிட்டார். கணவருக்குப் போன் போடப் போனார், வேண்டாம் என்று வைத்தார். ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்து வைக்கலாமா என்றார். பிறகு ரஹ்மத்திடம், நீ செத்த நேரம் பக்கத்து வீட்டுல இரும்மா என்றார்.

"நான் எங்கயும் போகலம்மா. அவிய என்ன கேக்கணுமோ என்கிட்டயே கேக்கட்டும்."

ஷமீமா விடைபெற வேண்டுமா, இருக்க வேண்டுமா என்று தெரியாமல் நின்றாள். சம்சாத் பேகம் அவளைப் பார்த்து, நீங்களும் இருங்கள், அந்தப் படம் எப்படி வந்தது என்று நீங்களே உங்கள் வாயால் அவரிடம் சொல்லுங்கள் என்றார்.

ஆட்டோ வந்து நின்றது. கல்யாணத்தன்றைக்கு மண்டபம் முழுக்கக் கேட்ட குரல் மைமூன் பீவியுடையது. பந்தியில் குறை சொன்னதும் அவர்தான், கடைசியில் எல்லோரையும் சிரிக்க வைத்ததும் அவர்தான். இன்றைக்கு ஸலாம் சொன்னதோடு சரி. உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். நிலோபர் அவர் பின்னால் நின்றாள். அழுது முடித்த முகம். டீ போட்டுக் கொண்டு வாம்மா என்று மாமியார் சொன்னதும் சமையலறைக்குப் போனாள்.

ஷமீமா முன்னால் வந்து, தப்பு முழுக்க எங்கள் வீட்டுடையது என்று ஆரம்பித்தாள். மைமூன் பீவி கையைக் காட்டி நிறுத்தினார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது ரஹ்மத்தை.

"உனக்கு மார்லயாம்மா வந்துச்சு?"

ரஹ்மத் ஆமாம் என்றாள்.

சம்சாத் பேகம் குறுக்கிட்டார். இப்ப சுத்தமா குணமாயிருச்சு மதினி, மறைக்கணும்னு மறைக்கல, கல்யாணம் முடியட்டும்னுதான், இது குடும்பத்துல யாருக்கும் இல்ல, டாக்டரே சொல்லிட்டாரு என்று வேக வேகமாகச் சொன்னார். மைமூன் பீவி அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை.

"எந்த டாக்டர்ட்ட காமிச்ச? பொம்பளை டாக்டரா?" குரல் இறங்கிவிட்டது. "மொத மொத உனக்கு எப்படித் தெரிஞ்சுது? வலிச்சுதா?"

அவருடைய வலது கை முந்தானைக்குள்ளே இடப்பக்க அக்குளை ஒட்டி இருந்ததை ஷமீமா அப்போதுதான் கவனித்தாள். காலையிலிருந்து அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது இதை அல்ல. ரஹ்மத்தும் கவனித்துவிட்டாள்.

"வீட்டுல சொல்லிட்டீங்களா மாமி?" என்று கேட்டாள் ரஹ்மத்.

மைமூன் பீவி இல்லை என்று தலையசைத்தார். கட்டி இருப்பது யாருக்கும் தெரியாது என்றார். காலையில் அந்தப் படத்தைப் பார்த்தபோது, இப்படி ஆகியும் இந்தப் பிள்ளை ஆடுகிறதே என்று நினைத்தாராம்.

ரஹ்மத் எழுந்து தன் அம்மாவின் முன்னால் வந்தாள். "நீங்க எல்லாரும் செத்த வெளிய இருங்க. யாரும் யார்ட்டயும் எதுவும் சொல்லக் கூடாது."

அவர்கள் மூவரும் வாசல் பக்கத்து அறைக்கு வந்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. சம்சாத் பேகம் ஆஸ்பத்திரிக் காகிதங்களைத் தேட மாடிக்குப் போனார். இப்போது அவற்றுக்கு வேறு தேவை வந்துவிட்டது.

சனா மெதுவாகக் கேட்டாள். "அப்ப ஒரு நல்லதுக்குத்தான் ஆச்சுன்னு எடுத்துக்கலாமாம்மா?"

"எடுத்துக்காத" என்றாள் ஷமீமா. "நம்ம செஞ்சது தப்பு. அவ அவங்களுக்கு உதவுறது அவளோட மனசு. அத நம்ம கணக்குல சேக்காத."

சனா குனிந்து லேப்டாப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். இனிமேல் அம்மாவின் வேலைக்கு என்ன வழி என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏஜென்ட்டை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது கூட இல்லை. எந்த அறைக்குள் விடலாம் என்பதை யாரிடம் கேட்டுவிட்டுச் செய்வது என்பதுதான் கேள்வி என்று இப்போது தோன்றியது. கேட்டாலும், இந்த ஊர்ப் பெண்கள் இனி அம்மாவுக்குப் பதில் சொல்வார்களா?

சமையலறையிலிருந்து நிலோபர் டீத் தட்டோடு வந்தாள். மூடிய கதவைப் பார்த்தாள். ஷமீமாவிடம் வந்து நின்றாள்.

"என்னைய இங்கனயே விட்டுட்டுப் போகத்தான் வந்துருக்காங்களாக்கா?"

"இல்லம்மா. அதுக்கு வரல. சத்தியமா அதுக்கு இல்ல."

"பின்ன எதுக்குக் கதவச் சாத்திருக்காங்க? என் வீட்டுல, என் அக்காட்ட எனக்குத் தெரியாம என்ன பேச்சு?"

ஷமீமா பதிலை நாக்கு வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். இந்தப் பெண் காலையிலிருந்து எதை நினைத்து நடுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பயம் தீர்ந்துவிடும்.

"அத உங்க மாமியாருதான் சொல்லணும் நிலோபர். நான் சொல்லக் கூடாது."

நிலோபர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். என் அக்காவின் படத்தைக் காப்பாற்றாதவள் இப்போது எதைக் காப்பாற்றுகிறாய் என்று அந்தப் பார்வை கேட்டது. ஷமீமா கண்ணை விலக்கவில்லை.

நிலோபர் திரும்பி, தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி சாத்திய கதவின் முன்னால் போய் நின்றாள். தட்டலாமா என்று யோசித்தாள் போலிருக்கிறது. தட்டவில்லை. உள்ளே மாமியாரின் அழுகை கேட்டது. அதற்கு மேலே அவளுடைய அக்காவின் குரல், ஒரு டீச்சர் பாடம் சொல்கிற மாதிரி நிதானமாக, எதையோ ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தது.